குழந்தை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் சொந்த வேலை இருக்கும்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருடம் மே மாதக் கடைசியில் ஒரு நாள், காலை பதினொன்றரை மணி. நான் ஆபீஸில் இருந்தேன். எதிர் வீட்டு ஆன்ட்டியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "உன் பையனை சிக்னல்ல ஷேர் ஆட்டோவுல பார்த்தேன்மா, அக்கா மடியில தூங்கிட்டிருந்தான், ஏதாவது அவசரமா?" பையனுக்கு அப்போது ஒரு வயது இரண்டு மாதம். வீட்டில்தான் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அவருடைய ஏரியா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அதைத் தாண்டினால் அந்த மாதத்துப் பருப்பும் பாமாயிலும் கைவிட்டுப் போகும். வழக்கமாக அவர் வீட்டுக்காரர்தான் போவார். அவர் கொத்தனார் வேலை பார்ப்பவர். சிமென்ட் பட்டுப் பட்டு விரல் தேய்ந்து, மெஷின் ரேகையை எடுக்கவில்லை. சரி, ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்து கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கேட்டா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னுதான்மா சொல்லலை."

நிஜம்தான், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு வழி எதையும் காட்டியிருக்க மாட்டேன். சொந்த வேலையே கூடாது என்று ஒரு வீட்டில் சட்டம் போட்டாலும் அந்த வேலைகள் நடந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாமல் நடக்கும். குழந்தைக்கு ஆபத்து வருவது அந்தத் 'தெரியாமல்' என்ற இடத்தில். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, சிலவற்றைத் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடி வாழ்க்கையை வைத்து எழுதியது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் அவருடைய வாரத்தைக் கணக்குப் போடுங்கள்

பேனாவை எடுத்து எழுதுங்கள். எங்கள் அக்கா காலை 8 மணிக்கு வருகிறார், மாலை 6.30க்குப் போகிறார். பத்தரை மணி நேரம், வாரம் ஆறு நாள். மொத்தம் 63 மணி நேரம். இதில் பயணம் சேரவில்லை. ஓஎம்ஆர் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களில் பலர் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்து, நடுவில் வரும் டீலக்ஸ் பஸ் இரண்டை விட்டுவிடுவார்கள். காலையில் பத்து நிமிடம் தாமதமானால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். பேங்க் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடுகிறது. அரசு மருத்துவமனை ஓபி காலையில். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வேலை நாளில். ரேஷன் கடை, இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ் எல்லாமே நம் வீட்டில் அவர் நிற்கும் அதே மணி நேரத்தில்தான் திறந்திருக்கின்றன. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கியது, மாதாமாதம் கணக்கில் ஏறும். ஒரு மாதம் ஏறவில்லை என்றால், ஏன் என்று கேட்க அவர்தான் நேரில் போக வேண்டும். நாம் இதே வேலைக்கு ஆபீஸில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போவோம். அவர் யாரிடம் போடுவார்?

கணக்குப் போட்ட பிறகு உங்களுக்குக் கோபம் பாதி குறைந்திருக்கும். எனக்குக் குறைந்தது.

படி 2: வேலைகளைப் பிரியுங்கள்

'சொந்த வேலை' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் பேச முடியாது. இரண்டு நிமிட போன் கால் ஒரு வகை. தேதி தெரிந்த வேலைகள் இன்னொரு வகை: ரேஷன், கடன் குழுவுக்குத் தவணை கட்டுவது, பள்ளிக் கூட்டம். ஆளே நேரில் நிற்க வேண்டிய ஆபீஸ் வேலைகள் மூன்றாவது: ஆதார் திருத்தம், பேங்க், ஸ்கேன். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் சாவு என்று திடீரென வருவது நான்காவது. இந்த நான்குக்கும் நான்கு விதமான பதில் வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. நம் வீட்டு நேரத்தில் இன்னொரு சம்பாத்தியம். பக்கத்து பிளாக்கில் அரை மணி நேரம் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவது, புடவைச் சீட்டுக்கு ஆள் சேர்ப்பது, குழந்தை தூங்கும்போது தெரிந்தவர்களை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பது. இதற்கு என் பதில் 'முடியாது', அவ்வளவுதான். முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

படி 3: போனுக்கு விதி, குழந்தையின் நிலையை வைத்து

சண்டை அதிகம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"வேலை நேரத்தில் போன் பேசக் கூடாது" என்று நானும் ஆரம்பத்தில் சொன்னேன். பலன், அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே குழந்தை தனியாக இருந்தான். அதைவிட சோபாவில் அவனைப் பார்த்தபடியே பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிலர் காலையில் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. குழந்தைக்கு ஏதாவது என்றால் 108க்கு எதை வைத்துக் கூப்பிடுவார்?

'எத்தனை மணிக்குப் பேசலாம்' என்பதை விட்டுவிட்டு, 'குழந்தை எந்த நிலையில் இருக்கும்போது போனைத் தொடவே கூடாது' என்று பிரித்தோம். பட்டியல் சின்னது:

குளிக்கும்போது, தண்ணீர் பக்கம் இருக்கும்போது. நம் பாத்ரூமில் எப்போதும் ஒரு பக்கெட் நிறைந்து நிற்கும். தவழும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், சத்தம்கூட வராது. குளியல் முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பதையும் இதே விதியோடு சேர்த்தோம்.

சாப்பிடும்போது. வேர்க்கடலை, முழு திராட்சை, மிக்சர், சின்ன இட்லித் துண்டு எதுவும் தொண்டையில் அடைக்கலாம். அடைத்தால் குழந்தை கத்தாது, கத்த மூச்சு இருக்காது. கண் பார்த்தால்தான் தெரியும்.

படிக்கட்டு, பால்கனி, லிஃப்ட், ரோடு, பார்க் ஊஞ்சல். அடுப்பு எரியும்போது சமையலறை.

மற்ற நேரத்தில் அவசியமான கால் என்றால் பேசிக்கொள்ளலாம், அவன் கண் முன்னால் இருக்க வேண்டும், நீட்டிப் பேசக் கூடாது. தூங்கும்போது தாராளமாகப் பேசலாம்.

அவசரத்துக்கு இரண்டு ஏற்பாடு செய்தோம். ஒன்று, அவர் வீட்டில் உள்ளவர்கள் அவசரம் என்றால் விடாமல் இரண்டு முறை அடிப்பார்கள். ஒரு முறை அடித்து நின்றால் பிறகு பேசிக்கொள்ளலாம். இரண்டாவது, என் நம்பரை அவர் மகளிடமும் வீட்டுக்காரரிடமும் கொடுத்தேன். அவர் எடுக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடலாம். இதுவரை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு ரிங்குக்கும் அவர் பதறி ஓடுவது நின்றுவிட்டது.

கால் வேறு, ரீல்ஸ் வேறு. கால் வந்தால் முடியும், ரீல்ஸ் முடியாது. குழந்தை விழித்திருக்கும்போது வீடியோ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அவனும் சேர்ந்து பார்க்கிறான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "சார் சோறு ஊட்டும்போது யூடியூப் போடுறாரேம்மா" என்றார். கணவரிடம் தனியாகப் பேச வேண்டியதாயிற்று.

குழந்தையின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பது, வீடியோ காலில் வீட்டைக் காட்டுவது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் பாசத்தில்தான் வைக்கிறார்கள். கோபிக்காமல் சொன்னால் கேட்பார்கள்.

படி 4: தூக்க நேரம் யாருடையது?

குழந்தை தூங்கும் ஒன்றரை மணி நேரம் அவருக்கு வேலை நேரமா, ஓய்வா? எங்கள் வீட்டில் மாமியாருக்கும் எனக்கும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. "சும்மாதானே உட்கார்ந்திருக்கா, துணி மடிக்கலாமே" என்பார்.

வீட்டுப் பணியாளர்களுக்காக 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கை இதற்கு நேரான பதில் சொல்கிறது. தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவிட முடியாமல், கூப்பிட்டால் வர வேண்டிய நிலையில் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகத்தான் கருத வேண்டும் என்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. இருந்தாலும் நியாயம் புரிகிறது. குழந்தை எந்த நிமிடமும் எழுந்திருக்கலாம், அவர் வெளியே போக முடியாது. ஆகவே அது சம்பளமுள்ள நேரம். அந்த நேரத்தில் அவர் சாப்பிடட்டும், மகளிடம் பேசட்டும், கால் நீட்டட்டும். அதை மற்ற வீட்டு வேலையால் நிரப்பினால், அவருடைய சொந்த விஷயங்கள் எல்லாம் குழந்தை விழித்திருக்கும் நேரத்துக்குத் தள்ளப்படும். துணியை நான் மடித்துக்கொள்கிறேன்.

படி 5: காலண்டரில் எழுதுங்கள்

சமையலறையில் தொங்கும் மாத காலண்டர் போதும், ஆப் எதுவும் வேண்டாம். மாதம் பிறந்ததும் ஐந்து நிமிடம் இருவரும் அதன் முன் நிற்கிறோம். "இந்த மாசம் என்னென்ன இருக்குக்கா?" என்று நான் கேட்கிறேன். அவர் சொல்கிறார், நான் வட்டம் போடுகிறேன். என்னுடைய ஆபீஸ் பயணம், கணவரின் நைட் ஷிஃப்ட் எல்லாமும் அதே தாளில் ஏறும்.

இதில் 'குழு' பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பல பெண்கள் நுண்கடன் குழுவில் இருக்கிறார்கள். வாரமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் எல்லோரும் ஒரு வீட்டில் கூடித் தவணை கட்ட வேண்டும். ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் தலையில் விழும், பணம் வரும் வரை யாரையும் எழ விடாமல் உட்கார வைப்பதும் உண்டு. "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்று நாம் சொல்வது அந்தக் கணக்கு தெரியாமல் சொல்வது. குழு நாளில் அவர் அரை மணி நேரம் தாமதமாக வரட்டும், அன்றைக்கு மட்டும் வீட்டில் ஒருவர் லேட்டாகக் கிளம்புங்கள்.

ரேஷனுக்கு, கார்டில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம். வீட்டில் வேறு ஆள் போக முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் மாதக் கடைசிக்கு விடாமல் முதல் பத்து நாளுக்குள் ஒரு தேதி குறியுங்கள். நான் மே மாதத்தில் கற்ற பாடம் இது.

நேரில் நிற்க வேண்டிய ஆபீஸ் வேலைகளை உங்கள் வொர்க் ஃப்ரம் ஹோம் நாளில் வையுங்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் அவர் போய் வரலாம். ஆதார் மையத்தில் முன்பதிவு செய்துகொடுப்பது, இ-சேவையில் என்னென்ன நகல் வேண்டும் என்று பார்த்துச் சொல்வது நமக்குப் பத்து நிமிட வேலை. அவருக்கு இரண்டாவது நடை மிச்சம்.

படி 6: குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கூடாது. பேங்க், ரேஷன் வரிசை, ஆஸ்பத்திரி ஓபி, ஷேர் ஆட்டோ, யாருடைய டூவீலரும் கூடாது. அபார்ட்மென்ட் கேட்டுக்குள் இருக்கும் கடை வரை போகலாம், அதற்கும் ஒரு மெசேஜ்.

ஆனால் 'கூடாது' என்று சொல்கிறவர், அப்படியானால் யார் பார்ப்பது என்றும் சொல்ல வேண்டும். அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டான் என்று போன் வந்தால் என்ன செய்வார்? எங்கள் வீட்டில் வரிசை இது: முதலில் எனக்கு போன், நான் எடுக்கவில்லை என்றால் கணவருக்கு, அடுத்து எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு. ஆன்ட்டி வந்து உட்கார்ந்ததும் அக்கா கிளம்பலாம், என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆன்ட்டியிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன், வீட்டுச் சாவி ஒன்றும் அவரிடம் இருக்கிறது. இந்த வரிசை ஃபிரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, 108, 112 எண்களோடு.

படி 7: நேரத்தை இரண்டு பக்கமும் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு. இடது பக்கம் அவர் எடுத்துக்கொண்ட நேரம், வலது பக்கம் நாம் எடுத்துக்கொண்ட நேரம். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் மாட்டி நான் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தால், அதுவும் அவருடைய சொந்த நேரம்தானே? என்னுடைய சொந்த விஷயம் அவருடைய நேரத்தில் நடந்திருக்கிறது. இரண்டு மாதம் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, நான் அவருக்கு ஐந்து மணி நேரம் பாக்கி. அவர் எனக்கு மூன்று. அதன் பிறகு கால் மணி, அரை மணிக்கெல்லாம் சம்பளப் பிடித்தம் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

எங்கள் ஏற்பாடு: மாதம் ஒரு அரை நாள் சொந்த வேலைக்கு, பிடித்தம் இல்லாமல். அதற்கு மேல் தேவைப்பட்டால் இன்னொரு நாள் ஈடுகட்டலாம். வார விடுமுறை தனி, உடம்பு சரியில்லாத நாள் தனி. காய்ச்சலோடு அவர் வந்து குழந்தைக்கும் ஒட்டிக்கொள்வதைவிட இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்வது லாபம்.

அந்த அரை நாள்களில் ஒன்றை வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2007இலிருந்து இந்த வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு உதவிகளும் ஓய்வூதியமும் உண்டு. பல அக்காக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

படி 8: பேசும் விதம்

சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு செருப்பு போடும் நேரத்தில் பேசாதீர்கள். பஸ்தான் அவர் மனதில் இருக்கும். மாமியார் மூலமாகவோ சமையல்காரம்மா மூலமாகவோ சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை, டீ போட்டுக்கொண்டு, வீட்டில் ஒரே ஒருவர் பேச வேண்டும். நான் பேசியது ஏறத்தாழ இப்படி:

"அக்கா, அன்னிக்கு நான் கத்தினது தப்பு. ஆனா பயந்துட்டேன். உங்களுக்கு வெளி வேலை இருக்கும்னு எனக்குத் தெரியும். எது இருந்தாலும் முன்னாடி சொல்லுங்க, நான் கோபப்பட மாட்டேன். வழி பண்ணலாம். சொல்லாம போறது மட்டும் வேணாம்."

"லீவுன்னு கேட்டா முன்னாடி வேலை பார்த்த வீட்டுல சம்பளத்துல பிடிச்சுடுவாங்கம்மா."

"இங்க மாசம் அரை நாள் பிடிக்க மாட்டேன். அதுக்கு மேல ஆச்சுன்னா பேசிக்கலாம்."

கோபப்பட மாட்டேன் என்று சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும், கஷ்டமான பகுதி அதுதான். அடுத்த வாரமே அவர், "நாளைக்கு ஸ்கூல் மீட்டிங்ம்மா" என்று இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ் அனுப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு "சரிக்கா, இனிமே ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க" என்று எழுதினேன். அன்று நான் வெடித்திருந்தால் மறுபடி ஷேர் ஆட்டோதான்.

படி 9: மீறினால்

நேரத்தை மீறுவதும் பாதுகாப்பை மீறுவதும் ஒன்றாகாது. போன் பத்து நிமிடம் நீண்டுவிட்டது, கடையிலிருந்து தாமதமாக வந்தார் என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், அதோடு விடுங்கள். பழையதை எல்லாம் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் அவிழ்க்காதீர்கள். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனார், குளியலில் விட்டுவிட்டு போன் எடுக்கப் போனார் என்றால் நான் இரண்டாவது வாய்ப்பு தர மாட்டேன். அன்றுவரை உள்ள சம்பளத்தை முழுதாகக் கொடுத்து முடித்துக்கொள்வேன்.

கேமரா வைத்தால் வைத்திருக்கிறோம் என்று சொல்லி வையுங்கள். ஹாலில் போதும். அவர் உடை மாற்றும், படுக்கும் அறையில் கூடாது. எத்தனை நிமிடம் போன் பேசினார் என்று ஆபீஸில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால் உங்கள் வேலையும் கெடும், அவருக்கும் தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை: வேலைக்குச் சேரும்போதே குழு நாளையும் பிள்ளையின் பள்ளி நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் வீடு, பிறகு உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சுளிக்கும்.

படி 10: குழந்தை வளரும்போது ஏற்பாட்டை மாற்றுங்கள்

பகலில் இரண்டு முறை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, ஒன்றேகால், ஒன்றரை வயதில் ஒரு தூக்கத்துக்கு வந்துவிடும். அக்காவின் போன் நேரமும் ஓய்வும் அன்றோடு பாதியாகிவிடும், யாரும் கவனிக்க மாட்டோம். எங்கள் வீட்டில் அந்த மாதம் மறுபடி சின்னச் சின்ன உரசல்கள் வந்தன. காரணம் பிடிபட மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிக்குக் கணவர் வீட்டில் இருக்கும் நாள்களில் அரை மணி நேரம் குழந்தையை அவர் வாங்கிக்கொள்கிறார். அக்கா டீ குடித்துவிட்டு ஊருக்கு போன் பேசுகிறார். வரும் ஜூனில் பையன் பிளே ஸ்கூல் போகிறான், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பேங்க் வேலைகளை எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.